அக்கா தேடிய கயிறு

எனக்குப் பாட வராது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்திரண்டு வயதும், மைக் வைத்த ஒரு மண்டபமும் தேவைப்பட்டன.

நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டில் எனக்கு வேலை. குவார்ட்டர்ஸில் நான், மனைவி, அக்கா. அக்காவுக்கு மனநோய். மாத்திரையால் பயம் குறைந்தது, தூக்கம் வந்தது. பாட்டு மட்டும் திரும்பவில்லை. சமையல்கட்டில் எந்நேரமும் பாடிக்கொண்டிருந்தவள், இரண்டு வருடமாக ஒரு வரிகூடப் பாடவில்லை. ஒரே ஒரு வரி கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தேன்.

அப்போதுதான் அவளுக்கு மாத்திரை தரும் ஆஸ்பத்திரியில், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வீட்டாருக்கு இசை சிகிச்சைப் பயிற்சி, நான்கு ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக முதல் வகுப்புக்குப் போனேன். “கண்ண மூடி இசையக் கேளுங்க” என்றார் பயிற்சி தந்த மேடம். மூடினேன். (அவ்வளவுதான்.) விழித்தபோது எல்லோரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் நோட்டில் ‘இசை நல்லது’ என்று ஒரு வரி இருந்தது. அடுத்த இரண்டு வாரம் டியூட்டி. வகுப்புக்குப் போக முடியவில்லை.

அந்த ஒரு வரியை நம்பி வீட்டில் சிகிச்சையைத் தொடங்கினேன். சுரங்கத்துக்காரன் ஆயிற்றே, ஷிப்ட் போட்டேன். காலை ஷிப்டில் பக்திப் பாட்டு, சாயங்கால ஷிப்டில் காதல் பாட்டு, எல்லாம் என் சொந்தக் குரலில். அக்கா தலையணையால் காதை மூடிக்கொள்வாள். கை அசைகிறதே, பலன் தெரிகிறது என்று மனைவியிடம் பெருமைப்பட்டேன்.

“பக்கத்து வூட்லயும் பலன் தெரியுது. ஜன்னல சாத்திட்டாங்க” என்றாள்.

கடைசி ஞாயிறு நோயாளிகளையும் அழைத்து வரச் சொன்னார்கள். யாராவது செய்து காட்டுங்கள் என்றதும் நானே மைக்கைப் பிடித்தேன். பல்லவி பாடி, சரணத்தில் வழி தவறி, மறுபடி பல்லவிக்கே வந்து, நிறுத்தத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். மைக் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

“டேய், மூணு வாரமா நிறுத்தாம ஓட்டிக்கினே இருக்கியே! உங்க பெல்ட்டுக்குக்கூட நிறுத்தறதுக்கு ஒரு கயிறு இருக்குதில்ல? உனுக்கு எங்கடா கயிறு?”

(பெல்ட் நெடுகிலும் ஒரு கயிறு ஓடும், ஆபத்தென்றால் யாரும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். இதை அவளுக்கு விளக்கிச் சொன்ன அறிவாளி நான்தான்.)

மண்டபமே சிரித்தது. “மொத வகுப்புலயே சொன்னேனே சார், என்ன பாட்டு வேணும்னு அவங்களத்தான் கேக்கணும், வேணாம்னா நிறுத்திடணும்னு” என்றார் மேடம். பிறகு அக்காவிடம் திரும்பி, “உங்களுக்கு என்ன பாட்டுங்க வேணும்?” என்று கேட்டார்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

“இவன் பாடாத பாட்டு.”

சொல்லிவிட்டு, தொடையில் தாளம் தட்டி, தானே மெல்ல இரண்டு வரி பாடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, இந்த முறை நான் விழித்திருந்தேன்.

மறுநாளே அக்கா எங்கள் ஹாலில் ஜன்னல் கம்பி முதல் கதவு வரை ஒரு நைலான் கயிறு கட்டினாள், நுனியில் மணியோடு. நான் தொண்டையைச் செருமினாலே யாராவது இழுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வருபவர்களுக்கு முதலில் காபி, அப்புறம் கயிற்றின் கதை.

அக்காவுக்கு முடியாத நாட்கள் இன்னமும் வரும். யாரோடும் பேசாமல் ஹாலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, ஒரு பாட்டு பாடட்டுமா?” என்று கேட்பேன். அவள் கை மட்டும் மெதுவாக நீண்டு, கயிற்றைத் தேடும்.