டி-41க்குப் பிரிவு உபசாரம்

உலகில் பறவைகள் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவை வலசை போகத் தொடங்கியும் ஏறக்குறைய அத்தனை ஆண்டுகள் இருக்கும். இருந்தும், ஊர் திரும்பும் பறவையை ஒரு நாடாவது, ஒரு நகராட்சியாவது முறைப்படி வழியனுப்பி வைத்தது உண்டா? கிடையாது. வந்தது, தின்றது, போயிற்று என்று விட்டுவிட்டார்கள். மனிதகுலத்தின் இந்த மாபெரும் குறையைத் தீர்த்து வைத்த பெருமை புதுச்சேரியைச் சாரும். புதுச்சேரியில் அது 'புதுவை வலசைப் பறவை நோக்கர் வட்ட'த்தைச் சாரும். வட்டத்தில் அது யாரைச் சாரும் என்று நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. அதன் செயலாளர் கலியமூர்த்தி என்பவன் நான்தான்.

முப்பத்தொரு வருட அரசுப் பணியில் நூற்றுப் பதினான்கு பிரிவு உபசார விழாக்களை முன்னின்று நடத்தியவன் நான். மாலை, சால்வை, வெள்ளி விளக்கு, கண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. நான் பேசுவேன் என்பதற்காகவே ஓய்வு பெறப் பயந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். நானும் ஓய்வு பெற்ற பிறகு, வழியனுப்ப ஆள் இல்லாமல் கை நடுங்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் சொன்னார், ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. பறவை பார்க்கச் சேர்ந்தேன்.

வட்டத்தில் பத்தொன்பது பேர். ஞாயிறுதோறும் விடியற்காலையில், அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்துச் சேற்றுத் திட்டுக்குப் போவோம். எல்லோர் கழுத்திலும் தொலைநோக்கி தொங்கும். நாலைந்து பேர் மூடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதும் உண்டு. எங்கள் தலைவர் முசே லூயி பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருடம் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர். பறவையைக் கண்டால் "அத்தான்சியோன்!" என்று கத்துவார். நாங்கள் விறைப்பாக நிற்போம். பறவை நிற்காது. இராமதாஸ் என்பவர் தட்டாஞ்சாவடியில் பேனர் அச்சடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். வட்டத்துக்கு அவர் எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. சிந்துஜா பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. வட்டத்திலேயே பறவைகளைப் பற்றிப் படித்தவர் இவர் ஒருவர்தான். அந்தக் குறை ஒன்றைத் தவிர நல்ல உறுப்பினர்.

பங்குனி மாதக் கூட்டத்தில் சிந்துஜாதான் அந்தச் செய்தியைச் சொன்னார். திட்டில் மேயும் உள்ளான் பறவைகள் ஐப்பசியில் வந்தவை. இன்னும் கொஞ்ச நாளில் கிளம்பி வடக்கே பனிப் பிரதேசத்துக்குப் போய்விடும். குஞ்சு பொரிப்பதெல்லாம் அங்கேதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதம் நம் ஊரில் பணியாற்றிவிட்டு இடமாற்றத்தில் போகிறவர்களை, ஒரு சால்வைகூடப் போர்த்தாமல் அனுப்புவதா?

"நம்ப ரெஜிமான்ல ஒரு சமையக்காரன் ஊருக்குப் போனாக்கூட பேண்டு வாசிச்சுதான் அனுப்புவாங்க" என்றார் முசே லூயி.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. யாரை விழா நாயகராகக் கொள்வது என்பதில்தான் ஒரு மணி நேரம் போயிற்று. நூற்றுக்கணக்கான உள்ளான்களுக்கு நடுவில் ஒன்றே ஒன்றின் காலில் வெள்ளை வளையம் இருந்தது. எங்கோ வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் பிடித்து மாட்டிவிட்டது. அதில் டி-41 என்று பொறித்திருந்தது. விஷயம் முடிந்தது. எண் உள்ளவர் நிரந்தரப் பணியாளர், மற்றவை தினக்கூலி. டி-41 நுனி வளைந்த மூக்கும், நாளுக்கு நாள் செங்கல் நிறமாகிக்கொண்டு வரும் மார்புமாகப் பார்க்க லட்சணமாகவே இருந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் சிந்துஜா. "இப்ப அது அம்பது கிராம்தான் இருக்கும். கெளம்பறதுக்குள்ள எழுபது, எம்பது ஆவணும். அந்தக் கொழுப்புதான் அதுக்கு டீசல். தண்ணி வத்துற நேரத்துலதான் சேத்துல எறங்கித் தின்ன முடியும். இன்னும் ரெண்டு மூணு வாரம் நிம்மதியா தின்னாதான் போய்ச் சேரும். விழா கிழான்னு நாம அங்க போயி நின்னா செத்துடும் சார்."

"அதாவது, சாப்பாடு பிரச்சினை?"

"ஆமா சார்."

ஆட்சேபம் நியாயமானது என்பதால் உடனே தீர்த்து வைத்தோம். விழாவில் பொங்கல், வடை, கேசரி வழங்குவதென்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை இடத்தைத் தயார் செய்யப் போனோம். திட்டில் ஒரு பெண் குனிந்து மட்டிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லி. நாற்பது வயதிருக்கும். தினமும் தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கி, ஒரு அன்னக்கூடை மட்டி தோண்டி, அரியாங்குப்பம் கடைத்தெருவில் விற்பவள். அவளுக்கு மூன்றடி தூரத்தில் டி-41 மேய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் கிட்டே போனதும் பறந்துவிட்டது.

"அம்மா, மனித நடமாட்டம் பறவைகளுக்கு இடையூறு. ஞாயித்துக்கெழம வரைக்கும் நீங்க இங்க எறங்கக் கூடாது" என்றேன், பின்னால் நின்ற பதினெட்டுப் பேர் சார்பிலும்.

அவள் எங்களை எண்ணிப் பார்த்தாள். "அப்ப நீங்கல்லாம் யாரு?"

"நாங்க பறவை நோக்கர்கள்."

"நல்லாருக்குது. நாலு நாளு நான் எறங்கலன்னா எங்கூட்டுல உல பொங்குமா? அதுவும் இன்னா பண்ணும்? நான் தோண்டுனா புழு மேல வருது சார். அதத் துன்னத்தான் எங் காலாண்டயே சுத்திகினு கெடக்குது. நான் இருந்தா துன்னுது. நீங்க வந்தாதான் பறக்குது."

'பறவையின் உணவில் தொடர்ந்து குறுக்கிட்டு வருவதாக அப்பெண்மணி ஒப்புக்கொண்டார்' என்று பதிவேட்டில் குறித்தேன். பிறகு நாலு பக்கமும் சவுக்குக் கம்பு அடித்து, கயிறு கட்டி, 'பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்' என்று பலகை மாட்டினோம். கம்பு அடித்து முடிக்கவும் தண்ணீர் ஏறவும் சரியாக இருந்தது.

வெள்ளியும் சனியும் ஒத்திகை. இரண்டு உறுப்பினர்கள் நேரில் பார்த்துக் கையெழுத்திடாத எதையும் 'இருக்கிறது' என்று ஏற்பதில்லை என்பது எங்கள் விதி. எனவே காலில் உள்ள எண் டி-41தானா என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் பார்த்தால் மற்றவர்களுக்கு வருத்தம் வரும் என்பதால் பத்தொன்பது பேரும் பார்க்கப் போனோம். டி-41 எங்களுடன் மிகவும் ஒத்துழைத்தது. நாங்கள் போன இடமெல்லாம் எழுந்து மரியாதை செய்தது. இப்படி எங்களை உட்காரவிடாமல் அதுவும், அதை உட்காரவிடாமல் நாங்களும், ஒரு காலைக்கு முப்பது நாற்பது தடவை மரியாதை பரிமாறிக்கொண்டோம். கயிற்றுக்கு வெளியே கரையில் காலிக் கூடையை வைத்துக்கொண்டு அமுதவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது காலைலேருந்து ஒரு வாய் துன்னல" என்று அங்கிருந்து கத்தினாள்.

"தயவுசெய்து சத்தம் போடாதீங்க. பறவை மிரளும்" என்று இராமதாஸ் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. இருபதுக்குப் பன்னிரண்டு அடி பேனர். அதில் பத்தொன்பது பேர் முகங்களும் அன்னக்கூடை அளவில் இருந்தன. மூலையில், தீப்பெட்டி அளவில், ஒரு பூநாரை.

"இராமதாஸ், நம்ம பறவை உள்ளான் இல்லியா?"

"போட்டுப் பாத்தேன் சார். ரொம்ப ஏழையா தெரிஞ்சுது. சீஃப் கெஸ்ட்டு வர்ற எடத்துல நல்லாருக்காதுன்னு மாத்திட்டேன்."

ஏழு மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர், தம் பதவிக்குரிய மரியாதையைக் காப்பாற்றி, ஒன்பதே முக்காலுக்கு வந்தார். அதுவரை கூட்டம் கலையாமல் இருக்கத் தவில் வாசிக்கச் செய்தோம். திட்டின் கடைசி முனையில், கயிற்றையும் எங்களையும் தாண்டி, டி-41 ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. சேறு இருந்த இடத்தில் நாற்காலிகள் இருந்தன.

முசே லூயியின் விருப்பப்படி முதலில் ஒரு நிமிட மௌனம். "மௌனம்! பின்னாடி மௌனம்! தவிலு, மௌனம்!" என்று அவர் ஒலிபெருக்கியில் ஒரு நிமிடம் முழுவதும் மௌனத்தை நடத்தினார். அடுத்து நான் பேசினேன். டி-41 அவர்கள் நேரம் தவறாதவர், யாரிடமும் கை நீட்டாதவர், மேலதிகாரி முன் குனிந்தும் சக ஊழியர் முன் நிமிர்ந்தும் பழகியவர் என்று குறிப்பிட்டேன். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினர் சுருக்கமாக நாற்பது நிமிடம் பேசினார்.

"இவ்வளவு நல்ல ஒரு ஊழியரை எதுக்கு அவ்ளோ தூரத்துக்கு மாத்துறாங்கன்னு எனக்குப் புரியல. இவர் இங்கியே தொடர்ந்து பணியாற்ற நான் மேலிடத்துல பேசுறேன்" என்றார். பலத்த கைதட்டல்.

சால்வையைப் பேனரில் இருந்த பூநாரைக்குப் போர்த்தினார். அந்த நேரத்தில் திட்டமிட்டபடி பத்தாயிரம் வாலா சரவெடி கொளுத்தப்பட்டது.

அத்தனை உள்ளான்களும் ஒரே வீச்சில் எழுந்தன. ஒரு தடவை எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்து, கடல் பக்கம் திரும்பி, வடக்கே போயின. எனக்கு மெய்சிலிர்த்தது. என் அனுபவத்தில், விழா முடிந்த கையோடு விழா நாயகர் உண்மையிலேயே புறப்பட்டுப் போனது இது ஒன்றில்தான். மற்றவர்கள் மறுநாளும் அலுவலகத்துக்கு வந்து பழைய நாற்காலியில் உட்காருவார்கள்.

திங்கட்கிழமை திட்டில் ஒரு பறவை இல்லை. "பத்து நாள் முன்னாடியே தொரத்திட்டோம் சார்" என்றார் சிந்துஜா. 'குறித்த காலத்துக்குப் பத்து நாட்கள் முன்னதாகவே பணி முடிக்கப்பட்டது' என்று ஆண்டறிக்கையில் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, வளையம் மாட்டிய ஆராய்ச்சியாளர்களிடமிருந்து சிந்துஜாவுக்கு மின்னஞ்சல் வந்தது. ஆந்திரக் கடற்கரை மணலில் டி-41 செத்துக் கிடந்ததை மீனவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எடை முப்பத்தெட்டு கிராம். கொழுப்பு என்று ஒன்றும் இல்லை. கடைசியாகத் தங்கிய இடம் புதுச்சேரி என்று தெரிவதால், இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். படிவத்தின் கடைசிக் கேள்வி: 'பறவை உணவு உண்ணாதபடி இடையூறு செய்தவர் யாரேனும் இருப்பின், பெயர் விவரம்.'

அவசரக் கூட்டம் கூடியது. 'மட்டி எடுக்கும் அமுதவல்லி' என்று எழுதுவதெனத் தீர்மானம், சிந்துஜாவின் எதிர்ப்பு நீங்கலாக, ஒருமனதாக நிறைவேறியது. ஆள் மறுத்துப் பேசாமலிருக்க அவளிடமே ஒரு கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது என்று என்னை அனுப்பினார்கள்.

அமுதவல்லி திட்டில் இருந்தாள். படிவத்தைப் படித்துக் காட்டினேன்.

"வளையம் போட்டுகினு இருந்துச்சே, மாரு செவந்துகினே வந்துச்சே, அதுவா?"

"ஆமா."

"எவ்ளோ இருந்துச்சாம்?"

"முப்பத்தெட்டு கிராம்."

கையில் இருந்த மட்டியைக் கூடையில் போடாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மட்டி எட. வெறும் வவுத்தோட எம்மாந் தூரம் போயிக்கீது பாரு." பிறகு சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவுக்காக நீட்டினாள். "எழுதிக்க சார் எம் பேர. எனக்கின்னா? எழுதிட்டா அதுக்கு வவுறு ரொம்பிடுமா?"

நான் பேனாவைக் கொடுக்கவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. முதலில் ரத்த அழுத்தம் என்று நினைத்தேன். வெட்கம் என்று புரிய, வீடு வரும்வரை நடக்க வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் இருந்தவனுக்கு அது பழக்கமில்லாத உபாதை.

அன்றே உட்கார்ந்து அந்தக் கடைசிக் கேள்விக்கு எதிரே எழுதினேன். முதலில் 'கலியமூர்த்தி, செயலாளர்'. தொடர்ந்து மற்ற பதினெட்டுப் பேர். பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் மறுநாள் கூட்டத்தில் படிவத்தைச் சுற்றுக்கு விட்டேன். அடி விழும் என்று எதிர்பார்த்துக் கதவுப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன்.

முசே லூயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். முகம் சிவந்தது. "பா போசிபிள்! நடக்காது! தலைவர் நான் இருக்கும்போது உங்க பேர் எப்படி முசே மொதல்ல வரும்? இது வெளிநாட்டுக்குப் போற பேப்பரு!"

கேள்வியை அவர் படிக்கவில்லை. அவர் பெயரை முதலில் மாற்றி எழுதினேன். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். இராமதாஸ், தம் பெயருக்குப் பக்கத்தில் பட்டறையின் தொலைபேசி எண்ணையும் சேர்க்கச் சொன்னார். விழாவுக்கு வர முடியாமல் போன ஒருவரின் மைத்துனர் தமக்கும் ஓர் இடம் கேட்டார். சிந்துஜா ஒருவர்தான் கேள்வியைப் படித்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தம் பெயருக்கு நேரே கையெழுத்திட்டார்.

படிவத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது தொலைபேசி அடித்தது. சிறப்பு விருந்தினரின் உதவியாளர்.

"பறவை மேட்டர்ல ஏதோ லிஸ்டு அனுப்புறீங்களாமே? ஐயா பேரு இல்லாம எப்படி சார் அனுப்புவீங்க? அவர் வந்துதான அது பறந்துச்சு?"

நான் மறுக்கவில்லை. படிவத்தை வெளியே எடுத்து, எல்லோருக்கும் மேலே, அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.