ஸ்டோர் அறையில் ஒரு மூச்சு

“யாருடி அது மூச்சு வாங்கறது?”

தாயம்மா கரண்டியைச் சோற்றுப் பானையிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

சமையலறைக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் அறையிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. சளி கட்டிய நெஞ்சு ஒன்று காற்றைச் சிரமப்பட்டு இழுத்து, கொஞ்சம் தேக்கி வைத்து, பிறகு மெல்லிய விசிலாக வெளியே விடுகிற சத்தம்.

நவமணி அவசரமாக இருமினாள்.

“நான்தாங்க்கா. சளி பிடிச்சிருக்கு.”

“நீ இங்க இருக்கே. சத்தம் அங்கேருந்துல்ல வருது?”

“சுவத்துல பட்டு எதிரொலிக்குதுக்கா.”

எதிரொலி முதலில் வந்து இருமல் பிறகு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. தாயம்மா மிளகு ரசத்தை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். அன்றைக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

ரவாங்கில் கேசட் ரேடியோ செய்யும் தொழிற்சாலை ஒன்று புதிதாக வந்திருந்த சமயம். ரப்பர் தோட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்துச் சோறும் போட்டாள் தாயம்மா. கண்டிப்பான மனுஷி. ஆம்பளை வாடையும் ஆகாது, நாய் பூனை வாடையும் ஆகாது என்பது அவள் சட்டம்.

நவமணி சட்டத்தை மீறியது வேண்டுமென்று அல்ல. வேலை விட்டு மழையில் வந்துகொண்டிருந்தாள். வீடு காலி செய்து போன யாரோ குப்பைத் தொட்டியோரம் ஒரு கூண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே முயல் போல, ஆனால் காது நீளாமல், எலி போல, ஆனால் வால் இல்லாமல், பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பிராணி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மளிகைக்கடைச் சீனர் எட்டிப் பார்த்து, “திக்குஸ் பெலாண்டா லா” என்றார் மலாயில். டச்சுக்காரன் எலி. அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவள் நடந்துவிடத்தான் பார்த்தாள். அதன் மூச்சுதான் அவளை நிறுத்தியது. நவமணியின் அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்தில் வேலை பார்த்தவர். கடைசி மாதங்களில் தொழிலாளர் லயத்து வீட்டில் அவர் இப்படித்தான் மூச்சு விட்டார். அந்தச் சத்தத்தை மழையில் விட்டுவிட்டுப் போக அவள் கால் வரவில்லை.

யாரும் போகாத ஸ்டோர் அறையில், பழைய கோணிச் சாக்குகளுக்குப் பின்னால், ஓர் அட்டைப் பெட்டியில் அதைக் குடி வைத்தாள்.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டு வாசலில் கூட்டம்.

“நவமணி, நீ வேலைக்குப் போயிட்டே. ஆனா உன் சளி வீட்லயே இருக்குலா,” என்றாள் பக்கத்து வீட்டு நல்லம்மாள்.

“இல்லக்கா, அது வந்து…”

“உஷ். கேளு.”

எல்லாரும் கேட்டார்கள். பிற்பகல் வெயிலில் வீடு அமைதியாக இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று இழுத்து, தேக்கி, விசிலடித்து விட்டது. பிறகு குழந்தை தும்முவது போல ஒரு தும்மல். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது.

தாயம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றுதான் எல்லாரும் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

சளி குறைந்தால் சத்தம் குறையும் என்று நினைத்தாள் நவமணி. எல்லாரும் வெளியே நின்ற நேரத்தில் பின்வாசல் வழியாக நுழைந்து, தலைவலிக்குத் தடவும் தைலத்தைப் பெட்டியின் ஓரங்களில் பூசினாள். அது தொடர்ந்து தும்ம ஆரம்பித்தது. அத்தோடு தைல வாசம் வீடு முழுக்கப் பரவியது.

“இது வயசானவங்க வாசம்,” என்றாள் நல்லம்மாள், மூக்கைச் சுருக்கி. “இந்த வீட்ல முன்ன யாராச்சும் நெஞ்சு வலிச்சு செத்தாங்களா?”

தாயம்மா குடிவருவதற்கு முந்தைய கதை யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் செத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அது தூசியால் தும்முகிறதோ என்று தோன்றி, மறுநாள் சாக்குகளையெல்லாம் எடுத்து வெளியே போட்டாள் நவமணி. அதுவரை சத்தத்தைப் பாதி விழுங்கிக்கொண்டிருந்தவை அந்தச் சாக்குகள்தான். காலி அறையில் மூச்சு இரண்டு மடங்கானது. சாப்பிட உட்காரும் கூடத்துக்கும், துணி காய வைக்கும் கொல்லைக்கும் கேட்டது. பெண்கள் குளியலறைக்கு ஜோடியாகப் போனார்கள். இரண்டு பேர் தோட்டத்துக்கே திரும்பிப் போவதாகப் பெட்டியைக் கட்டினார்கள்.

அதைவிட மோசம், பிராணி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. மூக்கோரம் காய்ந்து ஒட்டியிருந்தது. நவமணி ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். சோறு வைத்தாள், ரொட்டி வைத்தாள், பிஸ்கட்டைப் பாலில் நனைத்து வைத்தாள். அது கறுப்புக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டு மூச்சை மட்டும் இழுத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாயம்மா பூசாரியைக் கூட்டி வந்துவிட்டாள். ரயில் தண்டவாளத்தோரக் கோயில் பூசாரி நல்லசாமி. ஒரு கையில் வேப்பிலை, ஒரு கையில் தூபக்கால்.

“கதவச் சாத்தி உள்ள நல்லா புகை போடணும்மா. எது இருந்தாலும் மூச்சு முட்டி ஓடிரும்.”

நவமணி ஸ்டோர் அறைக் கதவைப் பார்த்தாள். ஓடுவதற்கு அதற்குக் கதவு வேண்டுமே! அந்த நெஞ்சுக்குள் ஒரு வாய் சாம்பிராணிப் புகை போனால் போதும், முடிந்தது. உண்மையைச் சொன்னால் வீடு போகும். வீடு போனால் வேலை போகும். மயக்கம் போட்டு விழலாமா, சாமி வந்தது போல ஆடலாமா என்று யோசித்தாள். ஆடத் தெரியாது. இருந்தாலும் கூந்தலை அவிழ்க்கக் கையை உயர்த்தினாள்.

அதற்குள் வேறொருத்தி பேசினாள்.

“புகையை அணைம்மா.”

காளியம்மா. வீட்டிலேயே சின்னவள், கோலசிலாங்கூர்ப் பக்கத்துப் பெண். தொழிற்சாலையில் நவமணிக்குப் பக்கத்து இருக்கை. ‘உப்பு வேணும்’ என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்டு உப்பில்லாமலே சாப்பிடுகிறவள். அவள் சுவரோரம் நேராக நின்றிருந்தாள். ஆடவில்லை, அலறவில்லை. கண் திறந்துதான் இருந்தது. குரல் மட்டும் அடித்தொண்டையிலிருந்து, கரடுமுரடாக, களைப்பாக வந்தது.

“மூச்சு முட்டுதும்மா. அணை.”

ஸ்டோர் அறைக்குள் மூச்சு இழுக்கப்பட்டது. காளியம்மாவின் நெஞ்சும் அதே நேரத்தில் உயர்ந்தது. உள்ளே விசில் கேட்டது. இவள் நெஞ்சு தாழ்ந்தது.

பூசாரி தூபக்காலைக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றிவிட்டார்.

“நீங்க யாரு சாமி? என்னா வேணும்?”

“கொய்யாப்பழம். கனிஞ்சது வேணாம். செங்காயா, பொடிசா நறுக்கி.”

“அப்புறம்?”

“புல்லு. கழுவி, ஈரம் போக ஒணத்தி. கீழ பனியன் துணி போடு, சாக்கு வேணாம். காத்தாடி போடாத. கத்தாதீங்க.”

சொல்லிவிட்டுக் காளியம்மா சரிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தன் சொந்தக் குரலில், “அக்கா, தண்ணி,” என்றாள்.

பூசாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “புல்லு கேட்டுச்சா? அப்ப சந்தேகமே இல்ல. அருகம்புல்லு. உள்ள இருக்கறது பிள்ளையாரு.”

வாகனம் மட்டும்தான் உள்ளே இருக்கிறது என்பது நவமணிக்குத் தெரியும். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த ஊமைக்கோட்டான் எப்போது பெட்டியைப் பார்த்தாள்? பார்த்தும் யாரிடமும் சொல்லாமல், சமயத்தில் கை கொடுத்தாளே!

பாத்திரம் கழுவும்போது காளியம்மாவின் தோளை இடித்தாள்.

“பிரமாதமா பண்ணுனடி.”

“என்னாக்கா பண்ணேன்? எனக்கு ஒண்ணுமே நெனவில்ல. தலை வலிக்குது.”

“ஆமா ஆமா. நெனவிருக்கக் கூடாதுதான்.” நவமணி கண்ணடித்தாள். காளியம்மா ஒன்றும் புரியாதவள் போல லேசாகச் சிரித்தாள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று வியந்துகொண்டே தட்டுகளை அடுக்கினாள் நவமணி.

அதன் பிறகு ஸ்டோர் அறை வாசல் கோயிலானது. தினமும் கொய்யாத் துண்டுகள் வந்தன. கட்டுக்கட்டாக அருகம்புல் வந்தது. தாயம்மா தன் கையாலேயே புதுப் பனியன் துணி வாங்கி வைத்தாள். படையலை உள்ளே எடுத்துச் செல்ல யாருக்கும் துணிச்சல் இல்லாததால் நவமணியே முன்வந்தாள். அவள் பக்தியைத் தெருவே மெச்சியது. நல்லம்மாள் கதவில் காதை வைத்து, பிராணி பல்லைக் கடிக்கும் சத்தத்தை எண்ணி, லாட்டரிக்கு நாலு நம்பர் எடுத்துக்கொண்டு போனாள். நம்பர் விழவில்லை. பிள்ளையாருக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் என்றாள்.

அது முதலில் ஒரு துண்டு கொய்யாவைக் கொறித்தது. நவமணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கைதட்டினாள்.

ஆனால் மூச்சு இன்னும் தெளியவில்லை. தனக்குச் சளி என்று சொல்லிக் கிளினிக்கில் குளிகை வாங்கி வந்தாள். மனுஷ நெஞ்சுக்குக் கேட்பது எலி நெஞ்சுக்குக் கேட்காதா? சமையலறையில் யாரும் பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு, குளிகையைப் பிரித்துத் தூளை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்தாள்.

“அதைக் குடுக்காதம்மா.”

நவமணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் காளியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. முறம் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அது மனுசன் மருந்து. குடுத்தா வயிறு கெட்டுச் செத்துப் போயிரும். மாட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ.”

“சரிடி சரிடி. இங்க யாரும் இல்ல, சாதாரணமாவே பேசேன்,” என்றாள் நவமணி சிரித்துக்கொண்டே. “அதோட என்னாடி இது, என்னைய அம்மாங்கற?”

முறம் நின்றது. காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். “கூப்டீங்களாக்கா?”

நவமணி கரண்டியைக் கழுவிவிட்டாள்.

மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவதாஸ் கோழி, ஆடு எல்லாம் பார்த்து முடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கருவியை அதன் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

“நுரையீரல்ல சளி. ஆனா தேறி வருது. என்னா சாப்பாடு குடுக்கறீங்க?”

“கொய்யாப்பழம், புல்லு.”

“ரொம்பச் சரி. வேற மருந்து ஏதும் குடுத்தீங்களா?”

அவள் குளிகை அட்டையைக் காட்டினாள். “குடுக்கப் போனேன். கூட இருக்கற பொண்ணு வேணாம்னுட்டா.”

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். “இத குடுத்திருந்தா தூக்கிட்டு வந்திருக்க மாட்டீங்க, பொதைச்சிருப்பீங்க. இந்தப் பிராணிக்கு இந்த மருந்து ஒத்துக்காது. அந்தப் பொண்ணு எங்க படிச்சுச்சு?”

“தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டாக்டர். அதுவும் பாதியில நின்னுட்டா.”

“அப்படியா?” என்றார் அவர். சொட்டு மருந்து ஒன்று கொடுத்து, வாயோரமாக எப்படி விடுவதென்று காட்டித் தந்தார்.

சொட்டு மருந்து கேட்டது. விசில் குறைந்து, இழுப்பு குறைந்து, ஒரு நாள் வீடு சும்மா ஒரு வீடாக இருந்தது. பூசாரி வந்து கற்பூரம் காட்டி, பிள்ளையார் மனநிறைவோடு மலையேறிவிட்டார் என்று அறிவித்தார். பெட்டி கட்டியவர்கள் அவிழ்த்தார்கள். தாயம்மாவுக்கு வாய் திரும்ப வந்தது.

நவமணியின் அம்மா தோட்டத்து வீட்டில் அதை வளர்க்கச் சம்மதித்திருந்தாள். சனிக்கிழமை மதியம், மற்றவர்கள் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில், நவமணி காளியம்மாவுக்கென்று வாங்கிய பூப்போட்ட கைக்குட்டையோடு அவளைத் தேடிப் போனாள். கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாடி. ஊருக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை தொட்டுப் பாத்துரணும். உசுர காப்பாத்துனவ நீ.”

“எங்கக்கா? என்னாத்தக்கா?”

“இன்னும் நடிக்கிறா பாரு!”

ஸ்டோர் அறைக் கதவைச் சாத்தினாள் நவமணி. சன்னல் வெளிச்சத்தில் பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்தாள். பளபளவென்று தேறியிருந்த பிராணி, கொய்யா வரும் என்று முன்னங்காலைத் தூக்கி நின்று, தெளிவாக ஒரு கீச்சுக் கொடுத்தது.

காளியம்மா வீறிட்டுக் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

“ஐயோ, எலி! அக்கா, எப்பலேருந்துக்கா இது இந்த வீட்ல இருக்கு?”