அனீஸ் வேண்டாம்

"அனீஸ் வேண்டாம் மாப்பிள்ளை. அந்தப் பேரை விட்டுடுங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் பேர்ப்பலகைக்காரர். முந்தாநாள் அந்தப் பெயரைத் தேடிக் கொடுத்தவரே அவர்தான். பேரன் பிறந்த கையோடு வெளியூரிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டு, "நல்ல அர்த்தமா ஒரு பேரு நீங்கதான் சொல்லணும் மாமா" என்றார். அனீஸ் என்றால் அரபியில் உற்ற துணை, கூடவே இருந்து தனிமையைப் போக்குகிறவன். மகளுக்குக் கேட்டவுடன் பிடித்துவிட்டது. அதோடு போனும் ஓய்ந்தது. நேற்று முழுக்க ஒரு அழைப்புகூட இல்லை.

மனைவி போய் இரண்டு வருஷம். ஊரார் பெயரையெல்லாம் மரத்தில் செதுக்குகிற மனிதருக்குத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போக மனசில்லாமல் ராத்திரி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

"ஏன் மாமா, நல்ல பேருதானே?"

"எங்க தெருவுல அந்தப் பேருல ஒருத்தன் இருக்கான். எந்தச் சண்டைன்னாலும் முதல் ஆளா நிப்பான்."

அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. ஆனால் அன்று மட்டும் நாலு தடவை போன் வந்தது. மனிதருக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் மகள் பேசினாள். "சாபிர்னு வைக்கலாமா வாப்பா? பொறுமைசாலின்னு அர்த்தம்."

"நம்ம குடும்பத்துல பொறுமையா? பச்சப்புள்ள மேல பொய்யை ஏத்தாதே."

"நாசிர்? உதவி செய்யுறவன்."

"ஊருக்கு ஒத்தாசை பண்ணியே ஓடாத் தேஞ்சுடுவான்."

"ஹாரிஸ்? காவல் காக்குறவன்."

"என் பேரனை வாசல்ல நிக்க வைக்கவா?"

ஐந்தாம் நாள் சம்பந்தியம்மாள் போனைப் பிடுங்கினார். "என்ன சம்பந்தி, விளையாடுறீங்களா? எங்க பக்கம் பேரு இல்லையா? நானே வச்சுடுவேன்!"

பேர்ப்பலகைக்காரருக்கு வியர்த்தது. வாயில் வந்ததைச் சொன்னார்: "ஹஜ்ரத்துதான் பொறுக்கச் சொன்னாரு."

"அப்படியா? அவரு நம்பரைக் குடுங்க, நானே கேக்குறேன்."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"என்னையும் பொய் சொல்லச் சொல்றீங்களா? அனீஸ் தங்கமான பேரு. அவன் உங்களுக்குத்தான் தேவைப்படுறான். போய் உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா போன் நின்னுடுமே ஹஜ்ரத்" என்றார். வெட்கமாக இருந்தது.

கடைக்குத் திரும்பினார். தொட்டிலில் மாட்ட அவர் செதுக்கிய பலகை ஒரு மூலையில் கிடந்தது. முதல் நாள் சந்தோஷத்தில் 'அனீஸ்' என்று செதுக்கியது. அதைச் சீவி எடுக்க மூன்று தடவை உளியைத் தூக்கியும் கை வரவில்லை.

ஏழாம் நாள் பெயர் சூட்டவேண்டும். பலகையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் ஒத்திகைதான். 'மன்னிச்சுடும்மா. தனியா இருக்க முடியல, அதான் இழுத்தடிச்சேன்.' இரண்டு வாக்கியம். இரண்டும் சண்டித்தனம் செய்தன. சம்பந்தியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

மகள் இருந்த அடுக்குமாடியின் வாசலில் காவல்காரர் நிறுத்தினார்.

"யாரைப் பார்க்கணும் பெரியவரே?"

"மூணாவது மாடி. குழந்தை பொறந்திருக்கே..."

"ஓ, நம்ம அனீஸ் வீடா!"

அவருக்குக் கால் அங்கேயே நின்றது. "அனீஸா? இன்னும் பேரே வைக்கலையே?"

காவல்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"பொறந்த அன்னிக்கே முடிவு பண்ணிக் கூப்பிட ஆரம்பிச்சாச்சுங்க. அந்தப் பொண்ணோட வாப்பா ஊர்ல ஒத்தையா கெடக்குறாராம், பேரு விஷயமா பேச ஆரம்பிச்சா குரல்ல உசுரு வருதாம். அதான் வைக்காத மாதிரி தெனமும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. மாமியாரம்மா சண்டைகூடப் போட்டுக் காட்டுனாங்க, போனை வச்சுட்டு அழுதாங்க. இன்னிக்கு அவரு வர்றாராம். வழியில பார்த்தீங்கன்னா தயவுசெஞ்சு வாயைத் தொறந்துடாதீங்க, பாவம் அந்த மனுசன்!"