அட்டையில் கட்டிய முன்மாதிரித் தெரு

சக்கரத்துக்கு அடுத்தபடியாக மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான விஷயம் 'செய்முறைக் கல்வி' என்பது என் தாழ்மையான, ஆனால் அசைக்க முடியாத கருத்து. என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் அதற்காக முதல் பரிசு வாங்கியவன் நான். ஆகவே பேச எனக்கு உரிமை உண்டு.

இரண்டாம் வகுப்புக்குக் கொடுத்த தலைப்பு 'நம் தெரு, நம் சமுதாயம்'. குழந்தைகள் தங்கள் தெருவைக் கண்ணால் பார்த்து, கையால் அட்டையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். கண்காட்சியைத் திறந்துவைக்க நகராட்சி ஆணையரே வருகிறார். அவர் என் மேலதிகாரி. நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் நான் 'பொறுப்பு' வகிக்கிறேன்.

என் மகள் யாரையும் கேட்காமல் ஒரே மூச்சில் தெருவைக் கட்டி முடித்துவிட்டாள். தீப்பெட்டி வீடுகள். நடுத்தெருவில் களிமண் நாய் தூங்குகிறது. ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்காக நானும் எதிர்வீட்டுக்காரரும் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறோம். எங்கள் வாசலோரம் ஒரு விளக்குக் கம்பம். அதன் தலையில் கறுப்புத் தாள். அதற்கடியில் கத்தரிக்கோலால் குத்திய ஓர் ஓட்டை.

"இது என்னம்மா?"

"மூடி இல்லாத சாக்கடை. அம்மா விழுந்து கால் சுளுக்கிக்கிட்டாங்களே, அதுதான்."

"விளக்கு ஏன் கறுப்பா இருக்கு?"

"எரியலையே! அந்த ஆபீசர் மாமா பார்த்தா சரி பண்ணிடுவாருப்பா. நீதான் பிசியா இருக்க."

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். அது பாடத்திட்டத்தில் இல்லாதது.

பதறிப்போய் அதைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வகுப்பாசிரியை நிதானமாக விளக்கினார்: "சார், குழந்தைங்க செஞ்ச மாதிரி இருக்கணும். அதுக்காகக் குழந்தைங்களே செஞ்சிடக் கூடாது."

தலைமையாசிரியை இன்னும் ஆழமாகப் போனார். "ஆணையர் வர்ற இடத்துல சாக்கடையா? கற்பனை வேணும் சார். கண்ணுல பட்டதையெல்லாம் அப்படியே வைக்கிறதா?"

'உடல்நலக் குறைவு' என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, புது அட்டை வாங்கி, தெருவை முதலிலிருந்து கட்டும் வேலையில் இறங்கினேன். அலுவலகத்தில் அப்படி உழைத்திருந்தால் ஊரே பளபளத்திருக்கும். மகள் வெட்டித் தருகிறேன் என்றாள். "கை அழுக்காயிடும் கண்ணு" என்று, பசை டப்பாவைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் கொடுத்தேன். மரங்கள் முளைத்தன. நாய் வெளியேற்றப்பட்டது. நானும் எதிர்வீட்டுக்காரரும் கை குலுக்கிக்கொண்டோம். கம்பத்துக்குக் கம்பம் குட்டி பல்பு.

"சாக்கடை எங்கப்பா?"

"மூடிட்டேன்மா."

"நிஜமாவா!"

வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அதன் பிறகு பசை டப்பாவைத் தொடவில்லை.

கண்காட்சியில் என் தெரு மேசைமேல் இருந்தது. அவள் தெரு மேசைக்கடியில், துணி மறைவில் இருந்தது. ஆணையர் பொத்தானை அழுத்தினார். எல்லா விளக்குகளும் எரிந்தன. குழந்தைகள் கை தட்டினார்கள்; செய்முறைக் கல்வியில் அவர்கள் கைக்குக் கிடைத்த வேலை அதுதான்.

"நம்ம தெருவிளக்குப் பிரிவுக்காரர் வீட்டுத் தெருவா? அங்கே விளக்கு எரியலைன்னு ஒரு அம்மா புகார் குடுத்திருந்தாங்களே?"

அந்த அம்மா என் மனைவி. பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"அது பழைய கதை சார்" என்றேன்.

"அப்போ அந்தப் புகாரை முடிச்சிடுங்க."

முடிந்தது. பொத்தானை ஒரு தட்டுத் தட்டிப் பொதுமக்கள் குறையைத் தீர்த்த கல்விமுறை வேறெங்காவது உண்டா?

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. பரிசுக் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, எல்லோருக்கும் முன்னால் வாசலை நெருங்கினேன். காலடியில் தரை இல்லை. இடுப்புவரை இறங்கிய பிறகுதான் நாற்றம் உறைத்தது. கோப்பை எங்கோ உருண்டது.

மகள் ஓரமாக நின்று குனிந்து பார்த்தாள்.

"நான் ஓட்டை போட்டுக் காட்டினேன்ல? நீதாம்ப்பா மூடிட்டேன்னு சொன்ன."