நூற்றுப் பதிமூன்றாம் மரம்

ஆனி 12, செவ்வாய்.

நேற்று ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். ஆற்றங்கரையின் கடைசி வேப்பமரத்தில் எழுத வேண்டிய 113 என்ற எண்ணை, அதை ஒட்டியிருந்த அஞ்சம்மாள் வீட்டுக் கதவில் எழுதிவிட்டேன். மாலை வகுப்புக்குப் போகும் அவசரம். ஆனாலும் அது காரணமாகாது.

மணற்கோட்டை நாட்டுக்கு ஒரு நதி இருந்தது. நதிக்கு ஒரு பூங்கா இல்லை. படகில் போகும்போது நாட்டை ஆளும் முதற்காவலர் இதைக் கண்டுபிடித்தார். உடனே ஆணை வந்தது: கரையிலுள்ள வீடுகள் அகற்றப்படும், மரங்கள் காக்கப்படும். மரங்களுக்கு எண் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அதற்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

காலையில் பிழையைத் திருத்தச் சுண்ணாம்பு வாளியோடு போனேன். பூங்கா அமைச்சர் தடுத்தார்.

"113 வரை எல்லாம் மரம் என்று பதிவேட்டில் முதற்காவலர் கையொப்பமிட்டுவிட்டார். ஆகவே இது மரம்."

"ஐயா, உள்ள ஆள் இருக்காங்க."

"மரத்தில் குருவி இருக்கக் கூடாதா?"

எண் இல்லாத வேப்பமரம் ஆக்கிரமிப்பு என்று வெட்டப்பட்டது. அஞ்சம்மாளின் வீடு நின்றது. மரத்துக்குள் நெருப்பு ஆகாது என்று அடுப்பை இடித்தார்கள். மரத்துக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று அதையும் கழற்றினார்கள்.

"பச்சத்தண்ணி குடிச்சாவது கெடப்பேன் தம்பி. முப்பது வருசமா இருந்த எடம், போகலையே. நீ நல்லா இருக்கணும்" என்று அஞ்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிழைக்கு நன்றி வாங்குவது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குள் கரையே என் முன் வரிசையில் நின்றது.

"என் கதவுலயும் ஒண்ணு போடு தம்பி. எங்க வீட்டுக்காரரும் மரந்தான், எத்தன தடவ கூப்பிட்டாலும் அசைய மாட்டாரு" என்றார் அடுத்த வீட்டுச் சரோசா.

"மரங்கள் பெருகுவது நாட்டுக்கு நலம்" என்று அமைச்சர் அனுமதித்தார். மேலும் நாற்பத்தாறு கதவுகளில் எழுதினேன்; கடைசிக் கதவு எங்களுடையது. எல்லோரும் அமைச்சருக்கு மாலை போட்டோம். அம்மா அழுதே விட்டாள்.

மாலையைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு அமைச்சர் சொன்னார்: "அடுத்த மாதம் தேர்தல். மரங்களுக்கு வாக்கு இல்லை என்பது தெரியுமல்லவா?"

எல்லோரும் தலையாட்டினோம். இருக்க இடம் கிடைத்திருந்தது.

நாளைய வேலை: காலை பத்து மணிக்கு அலுவலகம் போய், வாக்காளர் பட்டியலில் நாற்பத்தேழு வீட்டாரின் பெயர்களையும் வரிசையாக அடித்து நீக்க வேண்டும்.