நரம்பானந்தரின் முடிச்சுக் கயிறு

முந்தின வருஷம்வரை டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டியவர், 1991-இல் அறுந்த நரம்பை ஒட்டக் கிளம்பினார். பெயர், நரம்பானந்த சுவாமிகள். குருபரப்பள்ளி நெடுஞ்சாலையோரம் கொட்டகை. ஓசூர் ஆலைகளில் கைவெட்டுப் பட்டவர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று பாஷையிலும் கும்பிட்டார்கள்.

சாமியின் பெரிய சாட்சி வெள்ளைச்சாமி. தகடு வெட்டும் மிஷினில் முன்கை நரம்பு அறுந்து, ஆஸ்பத்திரியில் தைத்துக்கொண்டவன். வாராவாரம் சாமி அவன் கையைத் தட்டுவார். ஓரிடத்தில் சுரீரென்று விரல்வரை மின்னும். "ஆத்தாடி!" என்று துள்ளுவான். "நரம்பு இதுவரை வளந்தாச்சு" என்று, தழும்பிலிருந்து அந்த இடம்வரை கயிறு பிடித்துச் சாமி முடிச்சுப் போடுவார். வாராவாரம் முடிச்சு தள்ளிப் போனது. புகழ் சாமிக்கு, தைத்த டாக்டருக்கு ஒரு தேங்காய்கூட இல்லை!

ஒருநாள் காலை கை கிழிந்த சென்னப்பனை அழைத்து வந்தார்கள். கட்டிய துணியில் ரத்தம் காயவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா சாமி?" என்றாள் மனைவி நாராயணம்மா.

"தையல் எதுக்கும்மா? நான் கூப்பிட்டா நரம்பு வரும்."

"நில்லுங்க!" என்று முனவர் பேகம் உள்ளே வந்தாள். வெள்ளைச்சாமியோடு ஒரே ஆலையில், ஒரே வாரத்தில், அதே இடத்தில் வெட்டுப்பட்டுத் தைத்துக்கொண்டவள். அதுவரை கொட்டகைப் பக்கமே வராதவள். "என் கையையும் அளந்து பாருங்க."

சாமி கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். நாராயணம்மாவே தட்டினாள். முனவர் துள்ளினாள். கயிற்றைப் பிடித்தால், வெள்ளைச்சாமியின் கடைசி முடிச்சைவிட ஓர் அரிசி நீளம் கூடுதல்!

"என் அருள் காத்துலயும் பரவுது!" என்று சாமி கண்ணைத் திறந்தார்.

"அப்ப தைக்காத கையையும் தட்டுங்க" என்றாள் முனவர்.

சாமியை நம்பித் தையலே போடாத செல்வம் கையை நீட்டினான். ஐந்து மாதம் ஆகியும் தழும்பிலேயே சுரீர். அதைத் தாண்டி ஒன்றுமில்லை.

"அப்ப நரம்பை யாரும்மா வளக்கறது?" என்றாள் நாராயணம்மா.

"என் கையைத் தைச்ச டாக்டர் சொன்னாரு. நரம்புக்குள்ள தண்டவாளம் இருக்குதாம். அதுமேல மோட்டார் புரதங்க சரக்கு சுமந்து நடக்குதாம். அந்தச் சரக்குலதான் நுனி வளருது. தைச்சாத்தான் நுனிக்கு வழி கிடைக்கும்."

"மோட்டாரா? அதுக்குக் கரண்டு எங்க?" என்று சாமி நக்கலடித்தார்.

"நாம திங்கற சோறுதான் சாமி!"

கொட்டகை அதிரச் சிரிப்பு. அதற்குள் சுவாமிகள் பின்பக்கத் தட்டியைப் பிரித்து, ஆந்திரா லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டார். சென்னப்பனும் செல்வமும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

அறுந்து தைத்த நரம்பே ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னேறுகிறது. அறுபடாத நம் மூளை, அந்த வேகத்திலாவது நகரக் கூடாதா?