அடுத்தவர் சோஃபாவில் படுத்த விவகாரம்

மேலப்பாளையம் நசீர் மச்சான் அவர்களுக்கு, மும்பை ஆண்டாப் ஹில்லிலிருந்து உங்கள் தங்கை மாப்பிள்ளை கரீம் பாட்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது.

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் உங்கள் தங்கை உமைரா போனில் சொல்லிவிடுவாள். போன வியாழக்கிழமை அடுத்தவர் வீட்டு சோஃபாவில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள். கரண்ட் போனதால் தாராவிப் பட்டறையை மத்தியானமே பூட்டினேன். கால் பழக்கத்தில் செம்பூருக்குக் கூட்டிப்போய்விட்டது. செம்பூர் வீட்டைக் காலி செய்து பத்து மாதம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியாதே! கதவு திறந்திருந்தது, அடுக்களையில் பாத்திரச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டே, "உமைரா, டீயில சீனி கம்மியா போடு" என்றேன். வந்து நின்றது புதுக் குடித்தனக்காரி ஸ்மிதா, கையில் பூரிக்கட்டை. அவள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்து, "அரே பாட்சா பாய், ஆப் தோ சலே கயே தே நா?" என்கிறான், நீங்கதான் காலி பண்ணிப் போயிட்டீங்களே என்று. எங்கேயிருந்துதான் நான் போகவில்லை, மச்சான்?

இந்த ஊர்ல வாடகை அக்ரிமென்ட் பதினோரு மாசத்துக்குத்தான். அதுக்குமேல மூட்டைதான். கல்யாண்ல தண்ணி வரல, டோம்பிவிலி ரயில்ல நிக்க இடமில்ல, செம்பூர்ல கீழ்வீட்டுக்காரர் சும்மா சும்மா தும்மினார். மனுசன் எங்கதான் இருப்பான்?

உமைரா வந்து என்னை மீட்டா. ரயில்ல அவ திட்டின திட்டுல நாங்க இறங்கவேண்டிய வடாலாவை விட்டுட்டு அடுத்த ஸ்டேஷன் சிவ்ரியில இறங்கினோம். கடலோரச் சேத்துல பூநாரைக் கூட்டம். சமாதானமா, "பாத்தியா, இதுகளும் நம்மள மாதிரிதான்"னேன்.

"எங்க நம்மள மாதிரி? அதுக வருசா வருசம் அதே சேத்துக்கு வருது. அடுத்தவ வீட்டுல போயி டீ கேக்கல. இன்னொரு தடவ பெட்டி கட்டுனீங்க, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். வரவே மாட்டேன்"னுட்டா.

நிசமாவே போயிருவா மச்சான். இந்த வீட்டு அக்ரிமென்டும் அடுத்த மாசம் முடியுது. எனக்குத் தூக்கமே இல்ல. நீங்கதான் போன் போட்டு, "மாப்பிள்ளை என்ன செய்வார், எல்லாம் ஓனர்மார் செய்ற அநியாயம்"னு அவளுக்கு எடுத்துச் சொல்லணும்.

மாமிக்கு என் சலாம். அல்லாஹ் உங்களையெல்லாம் ஒரே வீட்டில் நிம்மதியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கரீம் பாட்சா

பி.கு.: இன்னும் மூணு வருசம் இருங்க பாய், வாடகை ஏத்தலன்னு இந்த ஓனர் நேத்து வந்து கெஞ்சினார். நான்தான் வேண்டாம்னேன். மறுபடியும் கல்யாண்லயே ஒரு வீடு பாத்திருக்கேன், காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. செம்பூர் ஓனரும் இப்படித்தான் கெஞ்சினார்.